கிணற்றுக்கட்டிலிருந்து விழுந்த பிள்ளைக்குப் பின்னாளில் படிப்பு வருமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கொக்குவிலிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். மூன்று கிழமைக்கு முன், மாமியின் பார்வையில் நின்றவன் கிணற்றுக்கட்டில் ஏறி, வெளிப்பக்கமாகச் சீமெந்துத் தரையில் விழுந்திருக்கிறான். நெற்றி கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்துவிட்டது. உடனே வீரிட்டு அழுதான், மயங்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒருதரம் சத்தி எடுத்தான். அங்கே ஓரிரவு வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்கான் எடுக்காமலே “சின்னக் கன்கஷன்தான்” என்று சொல்லித் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளை இரவில் இரண்டு மூன்று தரம் எழும்பி அழுகிறான். இடுப்பை விட்டு இறங்குகிறானில்லை. மூத்திரத்துக்குச் சொல்லப் பழகியிருந்தவன் இப்போது காற்சட்டையோடு போகிறான். இதற்கிடையில் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரையை அனுப்பியிருக்கிறா: சின்ன வயதில் கன்கஷன் வந்தால் மூளை வளர்ச்சி பாதிக்குமாம். ஸ்கான் எடுக்காமல் விட்டது பிழையா, இவனுக்கு ஐந்தாம் வகுப்பு ஸ்கொலஷிப் சோதனை வயதில் படிப்பு ஏறுமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: “மாமியோட மூண்டு கிழமையா முகம் குடுத்துக் கதைக்கேல்ல.”

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில் குழந்தைகள் வாட்டில் பல வருடம் வேலை செய்தவன். உங்கள் பிள்ளையை நான் பார்க்கவில்லை, ஆகவே பார்த்த டொக்டரின் சொல்லுக்கு மேலால் என் சொல்லை வைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்வதானால், இந்த ஒரு விழுகையால் மகனின் புத்தி எங்கேயும் போய்விடாது. நீங்கள் கடைசியாக எழுதிய அந்த மாமி கதைக்கும் முதல் கேட்ட மூளை வளர்ச்சிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கன்கஷன் என்றால் மூளை அதிர்வு. மண்டையோட்டுக்குள் மூளை நீரில் மிதக்கிறது. தலை வேகமாகப் போய்ச் சடக்கென்று நிற்கும்போது மூளை உள்ளே குலுங்கி, அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. அறுவதில்லை, இழுபடுகின்றன. அந்த இழுவையில் நரம்புக் கலத்துக்குள் இருக்க வேண்டிய பொற்றாசியம் வெளியே ஓடுகிறது, வெளியே நிற்க வேண்டிய கல்சியம் உள்ளே வருகிறது. இதைப் பழையபடி ஒழுங்குபண்ணக் கலம் தன் சக்தியெல்லாவற்றையும் கொட்டுகிறது, அதே நேரம் இரத்த ஓட்டமோ குறைந்துபோகிறது. கரண்ட் போய்வந்த வீடு மாதிரி. சுவரும் கூரையும் அப்படியே நிற்கும், மோட்டார் மட்டும் இழுக்காது. அதனால்தான் கன்கஷன் சி.ரி. ஸ்கானில் தெரிவதில்லை. ஸ்கான் காட்டுவது இரத்தக்கசிவையும் எலும்பு வெடிப்பையும். மயக்கம் வந்தால்தான் கன்கஷன் என்று சனம் நினைப்பதும் பிழை. பத்தில் ஒன்பதுக்கு மேல் மயக்கமில்லாமலே வருகிறது.

சின்னப் பிள்ளைக்கு இதில் சில கூடுதல் பாதகங்கள். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை, பெரியவருக்கு எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பாரத்தைத் தாங்குகிற கழுத்தோ வலுவில்லாதது. இரண்டு வயதில் மூளை பெரியவரின் அளவில் முக்கால் பங்குக்கும் மேல் வந்துவிடும், ஆனால் வயரிங் முடிந்திருக்காது. நரம்பிழைகளின் மேல் கொழுப்புப் பூச்சு ஒன்று படிப்படியாக ஏறுகிறது, வயருக்கு மேல் உறை போடுவதுபோல. நெற்றிப் பக்கத்து மூளைக்கு அது இருபது வயது தாண்டியும் நடக்கும். உறை ஏறாத இழை இழுவைக்கு இலகுவில் நோகும்.

“சின்ன மூளை வளையும், தானாகச் சரிவரும்” என்று ஒரு காலம் நம்பினார்கள். 1930களில் மார்கரெட் கெனார்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி குரங்குகளில் செய்த வேலையிலிருந்து வந்த நம்பிக்கை அது. குட்டியாக இருந்தபோது மூளை காயப்பட்ட குரங்குகள், வளர்ந்தபின் காயப்பட்டவற்றைவிட நன்றாகத் தேறின. பிறகு மெல்பேர்ணிலும் வேறிடங்களிலும் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தபோது கதை மாறிவிட்டது. கடுமையான தலைக்காயம், அதாவது நாள்கணக்கில் நினைவில்லாமல் ஐ.சி.யூ.வில் கிடந்த காயம், மிகச் சின்ன வயதில் வந்தால் விளைவு மோசம். கருவண்டு குடைந்த தென்னையை நீங்கள் கண்டிருப்பீர்கள். வண்டு குருத்துக்குள் இருக்கும் நாளில் மரம் சுகமாகத்தான் தெரியும். மாதங்கள் கழித்து அந்த ஓலை விரியும்போதுதான் கத்தரியால் வெட்டியதுபோல வடு தெரியும். கடுங்காயப்பட்ட பிள்ளையும் அப்படித்தான். திட்டம் போடுவது, கவனத்தை அடக்கிப் பிடிப்பது, கூட்டாளிமாரோடு அனுசரிப்பது எல்லாம் இரண்டு வயதில் இன்னும் விரியாத ஓலைகள். பள்ளிக்கூட வயதில் அவை விரியும்போது குறை தெரியவரும்.

உங்கள் மச்சாள் அனுப்பிய கட்டுரையை நான் வாசிக்கவில்லை. ஆனால் இந்த வகைக் கட்டுரைகளில் பெரும்பாலும் நடப்பது, இந்தக் கடுங்காயத்தின் கதையை எடுத்துச் சின்னக் கன்கஷனின் தலையில் கட்டிவிடுவதுதான். உங்கள் மகனுக்கு வண்டு குருத்துக்குள் போகவில்லை, ஓலை காற்றில் அடிபட்டிருக்கிறது.

சின்னக் கன்கஷனைப் பற்றித் தெரிந்தது என்ன? நியூசிலாந்தில் கிறைஸ்ட்சேர்ச் நகரில் 1977இல் பிறந்த 1265 பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் ஐந்து வயதுக்கு முன் இலேசான தலைக்காயம் வந்து, ஆஸ்பத்திரியில் தங்க வைக்கப்பட்ட சிலரிடம் பத்துப் பதின்மூன்று வயதில் கவனக்குறைவும் துருதுருப்பும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தன. மருந்து கட்டி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. “என்ர பிள்ளையையும் ஓரிரவு வைச்சிருந்தவை” என்று இப்போது நெஞ்சு திக்கென்றிருக்கும். பொறுங்கோ. தங்க வைக்கப்பட்டவர்களின் தொகை மிகச் சிறியது. இன்னொன்று, கிணற்றுக்கட்டில் ஏறுகிற பிள்ளை யார்? ஏற்கெனவே துருதுருவென்று நிற்கிறவன்தான். அவன் பத்து வயதிலும் துருதுருவென்று நின்றால் அது விழுந்ததாலா, அவன் குணத்தாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் இப்போதைய ஆய்வுகளில் தலையில் அடிபட்டவர்களை, கை கால் முறிந்து வந்த பிள்ளைகளோடு ஒப்பிடுகிறார்கள். அவர்களும் விழுகிற வகைப் பிள்ளைகள்தானே. கனடாவிலும் அமெரிக்காவிலும் 8 முதல் 16 வயதுவரையான 800க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அப்படி ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டார்கள். கன்கஷன் வந்தவர்களின் புத்திக்கூர்மை அளவில் பொருட்படுத்தத்தக்க குறைவு எதுவுமில்லை. அவர்கள் உங்கள் மகனைவிடப் பெரிய பிள்ளைகள், அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வயதுக்காரரைப் பற்றியே நேரே பார்த்தவர்கள் மொன்றியலில் இருக்கிறார்கள். ஒன்றரை முதல் ஐந்து வயதுக்குள் இலேசான தலைக்காயம் வந்த பிள்ளைகளை ஆறு மாதத்தின் பின் கூப்பிட்டு, தாய் தகப்பனோடு விளையாட விட்டுக் கவனித்தார்கள். அந்தச் சோடிகளின் இணக்கம் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. மற்றவரின் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் திறனிலும் ஒரு சின்னப் பின்னடைவு. குழுவாக எடுத்துப் பார்த்தால் தெரிகிற வித்தியாசம்தான், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதல்ல. ஆனாலும் நான் இதை முக்கியமாக எடுக்கிறேன், ஏனென்றால் வாட்டில் கண்ணால் கண்டதோடு இது ஒத்துப்போகிறது. அடிபட்ட பிள்ளை சிணுங்குகிறான். தாய் பயந்துபோய் நிலத்தில் விடுகிறா இல்லை. தகப்பன் நித்திரையில்லாமல் எரிந்துவிழுகிறார். அம்மம்மா ஒருபக்கம், அப்பம்மா மறுபக்கம், ஆர் பிழை என்ற வழக்கு. இரண்டு வயதுப் பிள்ளை சிரிக்க, பேச, பொறுக்க, விட்டுக்கொடுக்கப் படிப்பது அந்த வீட்டுக்குள்தான். மூளை குலுங்கியது ஒரு நொடி, வீடு குலுங்குவது மாதக்கணக்கு. என் கணிப்பில் உங்கள் மகனின் மூளை வளர்ச்சிக்கு நீங்கள் இப்போது செய்யக்கூடிய பெரிய வேலை மாமியோடு கதைப்பது.

இனி ஸ்கான். உங்கள் டொக்டர் செய்தது கவனக்குறைவு அல்ல. அமெரிக்காவில் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகளை வைத்து 2009இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இலேசாக அடிபட்டு வந்தவர்களில் ஆயிரத்தில் ஒன்பது பேருக்குத்தான் கவலைப்படத்தக்க மூளைக்காயம், சத்திரசிகிச்சை தேவைப்பட்டது ஆயிரத்தில் ஒருவருக்கு. யாரை ஸ்கானுக்கு அனுப்புவது, யாரை வைத்துப் பார்ப்பது என்ற விதிகளும் அதிலிருந்தே வந்தன. இரண்டு வயது தாண்டிய பிள்ளை, நினைவு தெளிவு, மயக்கமில்லை, விழுந்தது ஐந்தடிக்குக் குறைந்த உயரத்திலிருந்து, வீக்கம் நெற்றியில், சத்தி ஒருதரம் என்றால் சில மணித்தியாலம் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்து பார்ப்பதே நல்ல வைத்தியம். ஓரிரவு வைத்திருந்தது அதற்கு மேல். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் கணக்கு வேறு. மூன்றடி உயரமே பெரிய உயரம், காதுக்கு மேலேயோ பின்மண்டையிலோ மெத்தென்ற வீக்கம் இருந்தால் டொக்டர்மார் இலேசில் விடமாட்டார்கள். சி.ரி. ஸ்கானின் கதிரும் சும்மா அல்ல. பிரிட்டனில் 2012இல் வெளிவந்த ஆய்வு, சின்ன வயதில் ஸ்கான் எடுத்தவர்களில் இரத்தப் புற்றுநோயும் மூளைக்கட்டியும் சிறிதளவு கூடியிருப்பதைக் காட்டியது. தேவைக்கு எடுக்கத்தான் வேணும். தாயின் மனச்சாந்திக்கு எடுப்பதில்லை.

நீங்கள் எழுதிய மாற்றங்கள், அதாவது நித்திரை குழம்புவது, ஒட்டிக்கொண்டு திரிவது, பழகின பழக்கம் பின்னுக்குப் போவது, இந்த வயதில் கன்கஷனின் மொழியே இவைதான். பத்து வயதுக்காரன் “தலையிடிக்குது, வெளிச்சம் கூசுது” என்று சொல்வான். இரண்டு வயதுக்காரனுக்கு அந்தச் சொல் இல்லை. மூன்று வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை, மாமரத்துக் கொப்பிலிருந்து விழுந்து வாட்டுக்கு வந்தவள், எனக்கு இன்னும் நினைவிருக்கிறாள். அழவில்லை, சாப்பாட்டையும் மறுக்கவில்லை. ஆனால் மத்தியானமானால் கட்டிலிலிருந்து இறங்கி, கட்டிலுக்கடியில் போய், நெற்றியைச் சீமெந்து நிலத்தில் வைத்துக் குப்புறக் கிடப்பாள். விளையாட்டாக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் தாய் குனிந்து கேட்டா, “ஏன் செல்லம் அங்க கிடக்கிறாய்?” பிள்ளை சொன்னது, “என்ர தலை பெருசா வந்திட்டுது.” நிலம் குளிர், கட்டிலுக்கடி இருட்டு. அந்த வயதில் தலையிடியையும் வெளிச்சக் கூச்சத்தையும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. உங்கள் மகனையும் அப்படிப் பாருங்கோ. எந்த நேரத்தில் சிணுங்குகிறான், ரீவிச் சத்தத்திலா, வெயிலிலா, ஆட்கள் கூடும்போதா? ரெண்டு மூன்று தரம் போனில் வீடியோ எடுத்து வையுங்கோ. கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் பிள்ளை காட்டாததை அது காட்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு கிழமைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட 3063 பிள்ளைகளைக் கனடாவில் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்கு நான்கு கிழமை தாண்டியும் ஏதோவொரு தொந்தரவு மிச்சமிருந்தது. மூன்று கிழமையில் இருக்கிற உங்கள் மகன் இன்னும் வழமையான எல்லைக்குள்தான் நிற்கிறான். நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைகிறதா என்பதுதான் கேள்வி. நான்கு கிழமை கடந்தும் அப்படியே இருந்தால், அல்லது இருந்த பேச்சு குறைந்தால், நடை தடுமாறினால், குழந்தை வைத்திய கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ. ஆனால் திரும்பத் திரும்பச் சத்தி, எழுப்பினால் எழும்பாத மயக்கம், வலிப்பு, ஒரு கை அல்லது கால் சோர்வது, கண்மணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல வடிவது என்றால் கிளினிக்கை எதிர்பார்த்து நிற்கக்கூடாது. நேரத்தைப் பார்க்காமல் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். நெடுந்தீவில் இருக்கிறவர்கள் இதைவிட முந்த வேணும். குறிகட்டுவானுக்கு வந்துசேரவே கடலில் ஒரு மணித்தியாலம். பொழுதுபட்ட பிறகு யோசிக்கத் தொடங்கக்கூடாது, சந்தேகம் வந்தவுடனேயே அங்கிருக்கும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும்.

வீட்டில் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. இருட்டறையில் படுக்கவைத்து அசையவிடாமல் வைத்திருக்கும் பழைய முறையை இப்போது யாரும் சொல்வதில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக விளையாட விடுவது. உங்கள் மகன் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டான், நிலத்தில் விடுங்கோ. தொந்தரவு முழுதும் தீரும்வரை இன்னொரு அடி தலையில் படக்கூடாது, அவ்வளவுதான் கவனம். ஆறாத மூளைக்கு இரண்டாவது குலுக்கல் முதலாவதைவிடக் கூடாதது. ஊஞ்சல், கட்டிலில் துள்ளல், மோட்டார் சைக்கிளில் முன்னால் நிறுத்திக் கொண்டுபோவது எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கடைசியாகச் சொன்னது எந்த நாளைக்குமே வேண்டாம். “அடிபட்ட பிள்ளையை நித்திரைகொள்ள விடக்கூடாது” என்பது எங்கள் ஊரில் இன்னும் போகாத நம்பிக்கை. நித்திரைதான் மூளைக்கு மருந்து. அடிபட்ட அன்றிரவு இடைக்கிடை எழுப்பி ஆளை அடையாளம் காண்கிறானா என்று பார்த்தால் போதும். நோவுக்கு நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல், அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வீக்கத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். பயந்த பிள்ளைக்கு அப்பம்மா திருநீறு போட்டுவிடுவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை, அந்தக் கையில் பிள்ளை அடங்குகிறான். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, ஆனால் கன்கஷனுக்கு மருந்தல்ல. கடையில் விற்கிற மூளை ரொனிக்குக்குக் காசைக் கொட்டாதேங்கோ. அழுகையை அடக்கப் போனைக் கையில் கொடுப்பதும் இப்போதைக்கு வேண்டாம். அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களில் பார்த்தபோது, முதல் இரண்டு நாள் திரையைத் தள்ளிவைத்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். சின்னவர்களுக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

மச்சாள் கனடாவில் இருக்கிறா என்றபடியால் ஒன்று. அங்கே சில்லுப் பூட்டிய குழந்தை வோக்கரை விற்பதே 2004இலிருந்து தடை. படியில் உருண்டு தலை அடிபட்ட குழந்தைகளின் தொகை அப்படி. இங்கே வெளிநாட்டுக் காசில் கட்டிய மாடிவீடும், வழுக்குகிற ரைல்ஸும், கேற் போடாத படியும், அதற்குமேல் பிறந்தநாளுக்கு ஒரு வோக்கரும். வீட்டில் ஒன்று இருந்தால் சில்லைக் கழற்றிவிடுங்கோ. கிணற்றுக்கட்டைச் சுற்றி வலை அடிக்கிற வேலையை நான் சொல்லித்தானா செய்வீர்கள்? தென்னைக்குக் கீழே ஏணை கட்டுகிறவர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன், இடத்தை மாற்றுங்கோ.

ஸ்கொலஷிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு இன்னும் எட்டு வருடம் கிடக்கிறது, இவனுக்கு இன்னும் ‘ர’ வரவில்லையாக்கும். முதலாம் இரண்டாம் வகுப்பில் ஒரு இடத்தில் இருக்கமாட்டான், சொன்னது காதில் ஏறாது என்று ரீச்சர் சொன்னால், அப்போது போய் டொக்டரிடம் இந்த விழுகையையும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அது வந்தால் உதவி இருக்கிறது. வராமலே போகத்தான் கூடிய சாத்தியம். அதுவரை கணக்குப் பிழைக்கிற ஒவ்வொரு நாளும் கிணற்றுக்கட்டை இழுக்காதேங்கோ, அவன் காதில் அது விழும்.

இன்றிரவு அவன் எழும்பி அழுதால் லைற்றைப் போடாமல், தூக்கி நடக்காமல், பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டிப் பாருங்கோ. ஒருநாள் நீங்கள், ஒருநாள் அவர், ஒருநாள் அப்பம்மா. காற்சட்டை நனைந்ததற்கு ஏச வேண்டாம், பழகினது திரும்பி வரும். அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது, பிள்ளையின் பதிவேட்டில் விழுந்த திகதியையும் ஆஸ்பத்திரித் துண்டில் இருப்பதையும் எழுதுவித்துக்கொள்ளுங்கோ. மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை விழுந்ததைக் கண்ணால் கண்டது அவ ஒருவர்தான், டொக்டர் கேட்கிற பாதிக் கேள்விக்குப் பதில் அவவிடம்தான் இருக்கிறது.